கடலுக்கு அடியில் மூச்சைப் பிடிக்காதே!

கல்லாவிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இங்கே கிணறு உண்டு, ஏரி உண்டு, ஊத்தங்கரைப் பக்கம் போனால் பாம்பாறு அணை உண்டு. கடல் என்றால் நமக்கு எப்போதோ ஒரு தடவை போய் வரும் இடம்தான். ஆனாலும் கிருஷ்ணகிரியிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் நெடுஞ்சாலை நம்ம ஊத்தங்கரை வழியாகத்தானே போகிறது! ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் நாலு பேர் சேர்ந்தால், லீவு நாளில் அந்தப் பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். கரையில் நின்று காலை நனைத்துவிட்டு, சிப்பி பொறுக்கிக்கொண்டு வந்த காலம் போயே போச்சு. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு, கடலுக்கு அடியிலேயே இறங்கி மீனோடு மீனாகச் சுற்றிவிட்டு வருகிறார்கள். அதற்கு 'ஸ்கூபா' என்று பெயர்.

பெற்ற வயிறு பதறுமா, பதறாதா? "போகாதே" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். சொல்லாமல் போனால் என்ன செய்வீர்கள்? அதைவிட, அது என்ன ஏது என்று நாமும் தெரிந்துகொண்டு, "இப்படிப் போ, இதைச் செய்யாதே" என்று சொல்லி அனுப்புவது மேல் இல்லையா? பெங்களூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் இதை முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். அவளை உட்கார வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டதிலும், பிறகு நானே தேடிப் படித்ததிலும் தெரிந்துகொண்டதை இந்த இதழில் சொல்கிறேன்.

பெண்களுக்குப் புதுசா?

முதலில் ஒன்று. "பொம்பளைப் பிள்ளை கடலுக்குள்ள இறங்கறதா?" என்று மோவாயில் கை வைக்க வேண்டாம். ராமேஸ்வரம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் முங்கிப் பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். காற்று உருளையும் இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணுக்கு ஒரு கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணி, நெஞ்சில் பிடித்த மூச்சு, அவ்வளவுதான். ஜெல்லிக்கும் இனிப்புக்கும் போடும் அகர் என்ற பொருளை இந்த மாதிரிப் பாசிகளிலிருந்துதான் எடுக்கிறார்கள். மாதத்தில் 12 நாட்கள்தான் பாசி எடுப்பது என்று தாங்களே பேசி ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் அம்மாவுக்கு 2015ல் 'சீகாலஜி' என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது.

வெளிநாட்டிலும் இப்படி உண்டு. தென்கொரியாவில் ஜேஜு என்று ஒரு தீவு. குளிர்காலத்தில் கடல் நடுக்கும். அங்கே 'ஹேனியோ' என்று சொல்லப்படும் பெண்கள், அதாவது 'கடல் பெண்கள்', மூச்சைப் பிடித்து முங்கிச் சங்கு வகைகளும் பாசியும் எடுத்து வருகிறார்கள். அறுபது எழுபது வயதுப் பாட்டிமார்கள்கூட அதில் உண்டு! தனியாகப் போகமாட்டார்கள். கூட்டமாகப் போவார்கள், கரையில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்வார்கள், அனுபவப்பட்டவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். 2016ல் யுனெஸ்கோ இவர்களுடைய கலாசாரத்தை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

தூத்துக்குடி முத்துக்குளிப்பு நமக்குத் தெரிந்ததே. அந்தக் காலத்தில் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு குளியாள் இறங்குவான், மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். அந்தக் கயிற்றைப் பெண்டாட்டியின் தம்பியிடம்தான் கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அக்கா தாலி பத்திரமாக இருக்க வேண்டும் என்ற கவலை அவனுக்குத்தானே இருக்கும்! ஸ்கூபாவிலும் இதே கதைதான். தனியாக இறங்கக் கூடாது. ஆளுக்கு ஒரு ஜோடி. ஒருவர் மூச்சை ஒருவர் கவனிக்க வேண்டும்.

மூச்சு விடுவது எப்படி?

1943ல் பிரான்ஸ் நாட்டில் கூஸ்தோ, காக்னான் என்ற இருவர் சேர்ந்து, வாயில் கடித்துக்கொண்டு தேவையான அளவு மட்டும் காற்றை இழுக்கும் கருவியைச் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் இது பொழுதுபோக்காகப் பரவியது. பிரிட்டனில் 1953லேயே இதற்கு ஒரு சங்கம் வந்துவிட்டது. அங்கெல்லாம் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். அதனால் தடித்த ரப்பர் உடை இல்லாமல் அவர்கள் இறங்க முடியாது. நம்ம கடல் வெதுவெதுப்பானது, மெல்லிய உடையே போதும். ஆனால் மற்ற விதிகள் எல்லாக் கடலுக்கும் ஒன்றுதான்.

உருளையில் இருப்பது ஆக்ஸிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைத்திருப்பார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகிய நம்ம பிள்ளைகள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். கிணற்றில் முங்கும்போது மூச்சைப் பிடிப்போம். ஸ்கூபாவில் பிடிக்கவே கூடாது. ஏன்? கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அந்த ஆழத்தில் ஒரு பலூனில் ஒரு லிட்டர் காற்றை ஊதிக் கட்டி மேலே விட்டால், தண்ணீர் மட்டத்துக்கு வரும்போது அது இரண்டு லிட்டராக உப்பிவிடும். நம்ம நுரையீரலும் ஒரு பலூன்தான். அடியில் காற்றை இழுத்து, மூச்சைப் பிடித்தபடி சட்டென்று மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துபோகும் அபாயம் உண்டு. உயிருக்கே ஆபத்து. ஆகவே பயமோ பதற்றமோ வந்தாலும், மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று, மெதுவாக மேலே வருவது. நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, 5 மீட்டரில் 3 நிமிஷம் நின்று வர வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். காரணம் நைட்ரஜன். ஆழத்தில் இந்த வாயு ரத்தத்தில் அதிகமாகக் கரையும். கோலி சோடாவைப் பட்டென்று உடைத்தால் எப்படிப் பொங்குகிறது? மெல்லத் திறந்தால் அப்படிப் பொங்காது. உடம்புக்குள்ளும் அதே மாதிரிதான். 1908ல் ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை வைத்துச் சோதனை செய்து, எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதினார்.

காது அடைத்தால்

ஏற்காடு மலையில் பஸ் இறங்கும்போது காது 'கும்'மென்று அடைக்குமே, அதுதான் இங்கேயும், ஆனால் இறங்கின ஒன்றிரண்டு மீட்டரிலேயே. மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மென்மையாக மூக்கு வழியே ஊத வேண்டும். அல்லது எச்சில் விழுங்கலாம். வலி வந்த பிறகு செய்வதில்லை, வலிக்கும் முன்பே அடிக்கடி செய்ய வேண்டும். திறக்கவில்லையா? கொஞ்சம் மேலே வந்து மறுபடி பார்க்கணும். வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கினால் செவிப்பறை கிழியலாம். சளி பிடித்திருக்கும்போது காது திறக்காது. அன்றைக்குக் கடலே வேண்டாம். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்குவதும் சரியில்லை. அடியில் இருக்கும்போது மருந்து வேலை தீர்ந்தால் திண்டாட்டம்.

யார் போகக் கூடாது?

எங்கள் தெருவில் ஒரு பெண். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். தோழிகள் நாலு பேரும் பணம் கட்ட முடிவு செய்துவிட்டார்கள். அவளுக்குச் சின்ன வயசில் இளைப்பு. இப்போதும் பனிக்காலத்தில் நெஞ்சில் 'கீச் கீச்' என்று சத்தம் வரும். இறங்கும் முன் ஒரு படிவம் கொடுப்பார்கள், அதில் ஆஸ்துமா உண்டா என்று ஒரு கேள்வி. "இல்லைன்னு எழுதிட்டா யாருக்குத் தெரியப்போகுது" என்று தோழி ஒருத்தி சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

அவள் அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, நான் சொன்னா கேக்கமாட்டா, நீங்க சொல்லுங்க" என்றாள். நான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, பலூன் கதையைத்தான் சொன்னேன். "கண்ணு, இளைப்பு இருந்தா நுரையீரல்ல சின்னச் சின்னக் குழாய் சுருங்கிக் காத்து மாட்டிக்கும். மாட்டின காத்து மேல வரும்போது உப்பும். படிவத்துல நீ பொய் எழுதலாம், உன் நெஞ்சு பொய் சொல்லுமா?" என்றேன். அவள் பதில் பேசவில்லை.

மறுவாரம் டாக்டரிடம் போய், ஊதிப் பார்க்கும் சோதனை செய்துகொண்டாள். "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். பெண்ணுக்கு ஏமாற்றம்தான், அழுதிருக்கிறாள். ஆனால் தோழிகளோடு புதுச்சேரி போனாள், படகிலும் ஏறினாள், அவர்கள் இறங்கி ஏறும்வரை மேலே உட்கார்ந்திருந்தாள். "நாலு பேரும் ஒழுங்கா மேல வந்தாங்களான்னு எண்ணினது நான்தான் பெரியம்மா" என்று வந்து சொன்னாள். எனக்கு அந்த முத்துக்குளிக்கும் தோணியின் கயிறு ஞாபகம் வந்தது.

ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு, காதில் ஆபரேஷன் ஆனவர்கள், நுரையீரல் நோய் வந்தவர்கள், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள், எல்லோரும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

கர்ப்பிணிகள் கட்டாயம் போகக் கூடாது. எத்தனை மாதம் என்ற கணக்கே கிடையாது. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்ற சந்தேகம் இருந்தாலே விட்டுவிடுங்கள். பிள்ளை பெற்றவர்கள், சிசேரியன் ஆனவர்கள் டாக்டர் சரி என்று சொன்ன பிறகே போகலாம். மாதவிலக்கு நாளில் கூடாது என்று மருத்துவ விதி எதுவும் இல்லை. உடம்பு முடியவில்லை என்றால் மட்டும் ஒத்திப்போடலாம். பொதுவாக 10 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைக் கடலில் இறக்கமாட்டார்கள்.

புறப்படும் முன்

காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வாந்தி வரும் சுபாவம் உள்ளவர்கள் இஞ்சி ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்ளலாம். தூக்கம் வரவழைக்கும் மாத்திரையைக் கேட்காமல் போடாதீர்கள்.

தலைமுடியை இறுக்கிப் பின்னுங்கள். கண் கண்ணாடிக்குள் ஒரு முடி மாட்டினாலும் தண்ணீர் கசியும். வளையல், மோதிரம், தொங்கட்டான் எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனசு வராதவர்கள் உடைக்குள் ஊசி போட்டு அடக்கிக்கொள்ளலாம்.

பணம் கட்டும் முன் கூச்சப்படாமல் கேளுங்கள். சொல்லிக்கொடுப்பவருக்குச் சான்றிதழ் இருக்கிறதா? ஒருவர் எத்தனை பேரைக் கூட்டிப்போவார்? படகில் அவசரத்துக்கு ஆக்ஸிஜன் இருக்கிறதா? உடல்நிலைப் படிவம் கொடுக்கிறார்களா? படிவமே கேட்காத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். முதல் தடவை போகிறவர்களை 12 மீட்டருக்கு மேல் ஆழத்துக்குக் கூட்டிப்போகக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் காற்றுமாகக் கடல் கொந்தளிக்கும். "இன்று வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் வாதாடாதீர்கள்.

சைகையும் பழக வேண்டும். நாம் கட்டைவிரலைத் தூக்கினால் 'நல்லாயிருக்கு' என்று அர்த்தம். கடலுக்கு அடியில் 'மேலே போகணும்' என்று அர்த்தம்! நல்லாயிருக்கு என்று சொல்ல, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் காட்ட வேண்டும். கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் 'ஏதோ சரியில்லை.' அடியில் எதையும் தொடாதீர்கள். அழகாக இருப்பதில் விஷமுள்ளும் இருக்கும். பவளத்தைத் தொட்டால் அதற்கும் கேடு.

திரும்பி வரும்போது

இதை நம்ம பக்கத்துக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இறங்கி ஏறிய உடனே உயரமான இடத்துக்குப் போகக் கூடாது. விமானம் ஏற, ஒரு தடவை இறங்கியவர்கள் 12 மணி நேரமும், பல தடவை இறங்கியவர்கள் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது விதி. மலைப்பாதைக்கும் இந்தக் கவனம் வேண்டும். சுமார் 600 மீட்டர் உயரத்திலிருந்தே கணக்கில் எடுக்கிறார்கள். ஓசூரும் பெங்களூரும் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம்! மதியம் கடலில் இறங்கிவிட்டு, ராத்திரியே கார் ஏறி ஓசூர் ஹாஸ்டலுக்கு ஓடி வருவது நல்லதில்லை. ஓர் இரவு புதுச்சேரியில் தங்கி, நன்றாகத் தூங்கி, மறுநாள் புறப்படட்டும். லீவு ஒரு நாள் கூடப் போட்டால் போடட்டுமே.

வந்த பிறகு மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல், மூச்சுத்திணறல் எது இருந்தாலும் "அலுப்பு" என்று தைலம் தேய்த்துவிட்டுப் படுக்க வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், "கடலுக்கு அடியில் போய் வந்தாள்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். காது வலித்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் வேண்டாம்.

சகோதரிகளே, பெண் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கும்போது படிவத்தை நாமும் ஒரு தடவை வாங்கிப் படிப்போம். அவளுடைய சின்ன வயசு வியாதிகள் அவளைவிட நமக்குத்தானே நன்றாக ஞாபகம் இருக்கும். உள்ளதை உள்ளபடி எழுதி, டாக்டர் சரி என்றால், சந்தோஷமாக அனுப்பி வையுங்கள். வழியில் சாப்பிடப் புளிசாதம் கட்டிக்கொடுக்க மறக்காதீர்கள்!