வியாதிக்கு வழி போட்டது யார்?



2020 மே 4-ந் தேதி தமிழ்நாட்டில் 527 பேருக்குக் கொரோனா என்று சர்க்கார் அறிவித்தது. அதில் 122 பேர் நம் கடலூர் மாவட்டம். பெரும்பாலோர் சென்னை கோயம்பேடு சந்தையில் பாடுபட்டுவிட்டுத் திரும்பியவர்கள். உடனே கிளம்பிற்று பேச்சு: கூலிக்காரன் வியாதியைக் கொண்டுவந்துவிட்டானாம்!

கொண்டுவந்தானா, கொடுத்து அனுப்பினார்களா? மார்ச் 25 முதல் நாடே பூட்டிக் கிடந்தது. மாடி வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் குழம்புக்குக் கத்தரிக்காய் வரவேண்டுமே! சந்தை மட்டும் நடந்தது. சென்னையில் ஏப்ரல் 26 முதல் 4 நாள் முழு அடைப்பு என்றார்கள். 25-ந் தேதி கோயம்பேட்டில் ஜனங்கள் முட்டி மோதினார்கள். அந்த நெரிசலின் நடுவே மூட்டையோடு நின்றவன் யார்? பிழைப்புப் போனதும் கிடைத்த லாரியில் ஏறி ஊர் வந்தான். மே 5-ல்தான் சந்தையை மூடினார்கள்.

கிருமி காற்றில் மிதந்தாலும், ஊர் விட்டு ஊர் போக அதற்கு மனிதக் கால்கள்தான் வேண்டும். பத்துப் பேரோடு பழகுபவனிடம் பத்து வழி. ஆயிரம் பேர் நடுவே நிற்பவனிடம் ஆயிரம் வழி.

வைசூரியை ஒழித்ததும் இந்த அறிவுதான். உலகை விட்டே அதை விரட்ட வேண்டுமென்று 1958-ல் உலக சுகாதார சபையில் சொன்னவர் சோவியத் விஞ்ஞானி ஷ்டானவ். இந்தியாவில் 1962 முதல் கோடிக்கணக்கில் அம்மை குத்தியும் வியாதி போகவில்லை. 1966-ல் நைஜீரியாவில் மருந்து பற்றாத நெருக்கடியில், அமெரிக்க டாக்டர் வில்லியம் ஃபேகி நோயாளியோடு பழகியவர்களையும், அவர்கள் போய்வரும் சந்தைகளையும் தேடிக் குத்தினார். நின்றது! 1974-ல் டாடா நகரிலிருந்து, நெய்வேலி போன்ற தொழில் நகரம்தான், அம்மை ரயிலேறிப் பல ஊர் போயிற்று. அதைக் கண்டுபிடித்துக் காவல் போட்டார்கள். 1975-ல் இந்தியாவில் வைசூரி முடிந்தது.

இப்போது நெய்வேலியைப் பாருங்கள். டவுன்ஷிப் வட்டங்களில் மரநிழலில் குவார்ட்டர்ஸ். ஒப்பந்தத் தொழிலாளியோ குறிஞ்சிப்பாடி, வடலூர், பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நெருக்கியடித்து ஷிப்டுக்கு வருகிறான். அவன் மனைவி முந்திரிக்காட்டிலோ நடவிலோ நிற்கிறாள். சுரங்கமும் வயலும் ஒரே குடிசையில் சந்திக்கின்றன. முடிச்சு அங்கே!

"யார் யாரோடு பழகினாய்?" என்று கேட்டால் அவன் வாய் திறப்பானா? 2020-ல் பேர் சொன்னால் அந்த ஆளுக்கு 14 நாள் வேலையில்லாமல் போயிற்று. வேலையில்லாத நாளுக்குக் கூலியில்லை. கூட உழைத்தவனைப் பட்டினி போடும் பட்டியலை எந்த மானமுள்ள தொழிலாளி எழுதிக் கொடுப்பான்?

முதியவர்களுக்கு முந்தி ஊசி போட்டது சரியே. அதிகம் செத்தது அவர்கள்தான். அதில் நமக்குச் சண்டையில்லை. ஆனால் சாவைத் தடுப்பது ஒரு வேலை, பரவும் வழியை அடைப்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்கு முதலாளிக்குப் பெட்டி திறக்க மனமில்லை!

அடுத்த தொற்று வருமுன் கேட்போம்: தனித்திருக்கச் சொல்லும் ஒவ்வொரு நாளுக்கும் முழுக்கூலி, ஒப்பந்த ஆளுக்கும் விவசாயக் கூலிக்கும் சேர்த்து. சந்தையிலும் பஸ்ஸிலும் கேண்டீனிலும் துப்புரவிலும் நிற்பவர்களுக்கு முதல் பரிசோதனை. ஷிப்ட் நேரத்தில் கூடுதல் பஸ். தொடர்புப் பட்டியல் கான்ட்ராக்டர் கைக்குப் போகக்கூடாது. ஆள்நீக்கப் பட்டியலாக அது மாற எத்தனை நாழியாகும்?