ஸ்ரீவராகம் வானில் தெரிந்தால் அது முத்து மேகமா?

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் மொட்டை மாடிக்குப் போகிறீர்கள். சூரியனுக்குப் பக்கத்து மேகத்தின் விளிம்பில் இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று எண்ணெய்ப் படலம் போல ஒரு மினுமினுப்பு. போட்டோவை வாட்ஸ்அப்பில் போட்டால் யாராவது சொல்வார்கள்: "இது முத்து மேகம். ஓசோன் ஓட்டை நம்ம ஊருக்கும் வந்தாச்சு!"

வரவில்லை. சிப்பியின் உள்பக்கம் போல ஒளிரும் அசல் முத்து மேகம் 15 முதல் 25 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய மைனஸ் 80 டிகிரி குளிரில், துருவங்களை ஒட்டிய குளிர்காலத்தில் உருவாவது. நார்வே, ஸ்காட்லாந்து, அண்டார்டிகா பக்கம் பார்க்கலாம். ஓசோனுடன் அதற்குத் தொடர்பு இருப்பது உண்மைதான்: நாம் வெளியேற்றிய குளோரின் சேர்மங்கள் அந்த மேகத் துகள்களின் மேல் வினைபுரிகின்றன, வசந்தத்தில் வெயில் வந்ததும் ஓசோன் அழிகிறது. ஆனால் திருவனந்தபுரம் இருப்பது 8.5 டிகிரி வட அட்சரேகையில்!

இங்கே தெரிவது சாதாரண மேகம். அதிலுள்ள, கிட்டத்தட்ட ஒரே அளவான நுண்துளிகளைச் சுற்றி வளையும்போது சூரிய ஒளி நிறங்களாகப் பிரிகிறது. மழை மேகம் வேகமாக வளரும்போது அதன் தலையில் தொப்பி போல உட்காரும் மெல்லிய மேகத்தில் இது அழகாகத் தெரியும்.

குழப்பமா? சூரியன் எங்கே என்று பாருங்கள். முத்து மேகம் பளிச்சென்று தெரிவது சூரியன் தொடுவானத்துக்குக் கீழே இருக்கும்போது. அப்படி அந்தியில் ஒளிர்ந்த ஒரு 'மேகத்தை' இந்த ஊரும் பார்த்திருக்கிறது: 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் வானில் விட்ட சோடியம் ஆவி அது.

பகலில் பார்ப்பதானால் சூரியனைச் சுவருக்கோ தென்னைக்கோ பின்னால் மறைத்துக்கொண்டு பாருங்கள்.