குயிலுக்குப் புகழ், காக்கைக்குத் துறட்டி

பங்குனி பிறந்தால் சேலத்தில் வெயில் கொளுத்தத் தொடங்கிவிடும். ஆனாலும் ஃபேர்லேண்ட்ஸ் வாசிகளுக்கு ஓர் ஆறுதல் உண்டு. வேம்பு பூக்கிறது, மாவில் பிஞ்சு திரள்கிறது, விடியுமுன்னே குயில் கூவத் தொடங்கிவிடுகிறது. காப்பி டம்ளரும் கையுமாக மாடியில் நின்று, "ஆஹா, வசந்தம் வந்துவிட்டது!" என்று உருகுகிறார்கள். உருகட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உருகி முடித்த கையோடு ஓர் ஆளைக் கூப்பிட்டு, அதே மாமரத்திலுள்ள காக்கைக் கூட்டைத் துறட்டியால் இழுத்துத் தள்ளச் சொல்லுகிறார்களே, அதுதான் என் வழக்கு.

குயில் கூடு கட்டாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நம் வீட்டுத் தோட்டங்களில் அது பெரும்பாலும் நம்பியிருப்பது காக்கையின் கூட்டைத்தான். நாம் பாட்டுக்காரிகளுக்கெல்லாம் 'குயில்' என்று பட்டம் சூட்டுகிறோம்; கூவுவதோ கறுத்த ஆண்குயில். புள்ளி போட்ட பெட்டை 'கிக் கிக்' என்று கத்துவதோடு சரி. ஆண் கூவிக் காக்கையைத் தன் பின்னே இழுத்துப் போக, பெட்டை கூட்டில் நுழைந்து முட்டையிடுவதுண்டு என்று பறவை நூலோர் எழுதியிருக்கிறார்கள். காக்கை முட்டை பொரிய 16, 17 நாள் ஆகும். குயில் முட்டை அதற்கு முன்னதாகவே பொரிந்துவிடும். இரை தேடி ஊட்டி ஆளாக்கும் பாடெல்லாம் காக்கைக்கு.

சிங்கப்பூரில் முன்பெல்லாம் குயில் குளிர்காலத்து விருந்தாளியாகத்தான் வந்து போயிற்று. காக்கை பெருகிய பிறகே அது அங்கே நிலையாகக் குடியேறியது. காக்கைக் கூட்டைக் கலைப்பவர் அடுத்த வசந்தத்தின் பாட்டையும் சேர்த்தல்லவா தரையில் போட்டு உடைக்கிறார்?

"தலையில் கொத்துகிறதே, ஐயா!" என்பார்கள். கொத்தும். கூட்டில் குஞ்சு இருக்கும்போது எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்? அந்தக் கோபம் சில வாரங்களில் தணிந்துவிடும். அதுவரை குடை பிடித்துப் போகலாம். சேலத்துச் சித்திரை வெயிலுக்கு எப்படியும் குடை வேண்டியதுதானே!

"அசுத்தப் பிராணி" என்பது அடுத்த குற்றச்சாட்டு. அமாவாசையன்று இலையில் சோறு வைத்து, "கா, கா" என்று தொண்டை வறள அழைக்கும்போது அது பித்ருக்களின் வடிவம். பங்குனியில் கூடு கட்டினால் மட்டும் அசுத்தமா? நம் முன்னோர் சோறு தின்ன வரலாம், குடியிருக்கக் கூடாது போலும்!

சட்டமும் ஒரு காலத்தில் இந்தக் கட்சியில்தான் இருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கையை எலியோடும் பழந்தின்னி வௌவாலோடும் சேர்த்துத் தொல்லைப் பிராணிகளின் அட்டவணையில் வைத்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கிவிட்டது. டில்லியில் அழிந்த அட்டவணை நம் காம்பவுண்டுச் சுவருக்குள் மட்டும் இன்னும் அமலில் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய தியாகம் அல்ல. முட்டையிட்டு அடைகாத்துக் குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒன்றரை மாதம். அதுவரை துறட்டியைச் சுவரோரம் சாத்தி வையுங்கள். கிளை வெட்டியே தீரவேண்டுமானால் மார்கழி, தை இருக்கிறது. பங்குனியும் சித்திரையும் வேண்டாம். அதற்கும் மனமில்லையென்றால், விடியற்காலையில் மாடியில் நின்று குயிலைப் புகழ்வதையாவது விட்டுவிடுங்கள்.