சாம்பார்ப்பொடிக்கு அடுத்த பக்கம்

திருப்பதியிலிருந்து விடுமுறைக்குச் சித்தூர் சென்றபோது, தோழர் ஒருவரின் இல்லத்தில் அவருடைய மறைந்த பாட்டியாரின் குறிப்பேட்டைக் கண்டேன். சாம்பார்ப்பொடிக்கு அடுத்த பக்கத்தில் பிரசவ லேகியம். அதன் கீழே மாங்காய் ஊறுகாய். மூன்றுக்கும் அஞ்சறைப் பெட்டி ஒன்றுதானே!

எழுத்து தமிழ், பேரனோ தெலுங்கில் பயின்றவர். படித்துக் காட்டிய நானும் ‘அரைக்கால் பலம் சுக்கு’ என்ற இடத்தில் விழித்தேன். பலம் ஏறத்தாழ 35 கிராம். அரைக்கால் எட்டில் ஒன்று. ஆக நாலரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. அளவு புரியாத மருந்துக் குறிப்பால் யாருக்கு என்ன பயன்?

தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் (1798–1832) தொகுப்பித்த வைத்திய முறைகள் சரசுவதி மகால் நூலகத்தில் நிலைத்தன; அச்சும் ஏறின. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில இல்லத்தரசியரின் மருந்து, சமையல் ஏடுகளை லண்டன் வெல்கம் நூலகம் காத்து வருகிறது. நம் பாட்டிமாரின் ஏடுகளுக்கோ பழைய தாள் வாங்குவோரின் தராசு!

அவற்றில் உள்ளதெல்லாம் அறிவியல் என்று நான் வாதாடவில்லை. பாதரசம் சேர்க்கச் சொன்னால் தயவுசெய்து அடுப்பேற்றாதீர்கள்! ஆயினும் சோதித்துப் பார்க்கவேனும் எழுத்து எஞ்ச வேண்டாமா? ஊர் செல்வோர் வீட்டு ஏட்டைப் படியெடுத்து வாருங்கள். அளவுச் சொற்களின் பொருளை மூத்தோரிடம் கேட்டு ஓரத்தில் குறியுங்கள். நம் சங்க அறையில் ஓர் அலமாரி காலியாகத்தான் இருக்கிறது.