வண்டி பெரிது, சுமை எங்கே?

ஸ்காபுரோப் பக்கம் திரிகிற எம்மவர்கள் அந்த வண்டியை ஒரு தரமாவது கண்டிருப்பீர்கள். வர்ணமும் இல்லை, வளைவும் இல்லை. எவர்சில்வர் தகட்டைச் சின்னப்பிள்ளை மடித்து வைத்தது போலக் கூரை முக்கோணமாக நிற்கும். அது போகும்போது பஸ் தரிப்பிடத்தில் நிற்கிற எல்லோருடைய தலையும் திரும்பும். ரெஸ்லா கம்பனியின் ‘சைபர் ட்றக்’ என்ற மின்சாரப் பிக்கப்தான் அது. இம்முறை அதைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம்.

2019 நவம்பரில் இதை முதன்முதலாக மேடையில் காட்டினார்கள். பலமான கண்ணாடி என்று சொல்லி இரும்புக் குண்டை எறிந்தார்கள், கண்ணாடி வெடித்துப் போனது. சனம் சிரித்தது. சிரித்த சனத்திலேயே பலர் முற்பணமும் கட்டினார்கள். அன்று சொன்ன ஆரம்ப விலை 39,900 அமெரிக்க டொலர். 2023 நவம்பரில் முதல் வண்டிகளைக் கொடுத்தபோது நான்கு சில்லும் இழுக்கும் வகைக்கு 79,990 டொலர் கேட்டார்கள். 2024 கடைசியில் கனடாவுக்கு வந்தபோது எங்கள் காசில் ஒரு இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

தகட்டு வேலை செய்கிறவர்களுக்கு அதன் வடிவம் ஏன் அப்படி என்று விளங்கும். தடித்த, கடினமான எவர்சில்வர் தகட்டை மடிக்கலாம். ஆனால் சாதாரண கார்த் தகட்டைப் போல அச்சில் அமுக்கி உருட்டி எடுப்பது பெரும்பாடு. இவ்வளவு பலம் பேசிய வண்டியில், கூரையோரத் தகடு பசை விட்டுக் கழன்று விழக்கூடும் என்று 2025 மார்ச்சில் அமெரிக்காவில் 46,000 க்கு மேற்பட்ட வண்டிகளைத் திருத்தத்துக்கு அழைத்தார்கள்.

இதைப் பார்த்துச் சிரிப்பது சுகம். ஆனால் இது வானத்தால் விழுந்த வண்டி அல்ல. கமக்காரனும் தச்சனும் சாமான் ஏற்றுவதற்கென்று வந்ததுதான் பிக்கப். இன்று அது வெறும் பெட்டியோடு கடைத்தெருவில் நிற்கிறது. கனடாவில் பல ஆண்டுகளாக அதிகம் விற்பது ஃபோர்ட் எஃப் வரிசைப் பிக்கப்தான். ‘விலகு, நான் வருகிறேன்’ என்று மற்ற வண்டிகள் மெல்லச் சொல்வதை இந்த 3 தொன் வண்டி உரத்துச் சொல்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது வண்டிக்கு அரசியலும் வந்துவிட்டது. மின்சார ரக்சி வாங்குவோருக்கான சலுகையிலிருந்து 2025 மார்ச்சில் ரொறன்ரோ நகரசபை ரெஸ்லாவை விலக்கியது. இயந்திரம் கெட்டதென்று அல்ல, அமெரிக்காவோடு வந்த வரிச் சண்டையால்.

எங்களுக்கு இதில் என்ன? முதலாவது, வீதியில் நடப்பவர்கள் யார் என்று பாருங்கள். கோயிலுக்குப் போகிற அம்மாமார், பள்ளிக்கூடப் பிள்ளைகள், இரவு வேலை முடிந்து வருகிறவர்கள். முன்முகம் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால், 30 அங்குலமோ குறைவாகவோ உள்ள சரிந்த முகத்து வண்டிகளைவிட, நடப்பவர் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 45 வீதம் கூட என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவகம் 2023 இல் சொன்னது. இது எல்லா உயர்ந்த வண்டிகளுக்கும் பொருந்தும். எங்கள் வீட்டு வாசலில் நிற்பதற்கும் பொருந்தும்.

இரண்டாவது, எங்கள் பை. கலியாண மண்டபத்து வாசலில் எந்தக் கார் நிற்கிறது என்று பார்த்து மனிசனை அளக்கிற பழக்கம் எம்மவரிடமும் வந்துவிட்டது. ஏழு வருடக் கடன், அதற்கு மேல் காப்புறுதி. அதைக் கட்ட இரண்டாவது வேலை. பிள்ளை நித்திரையான பிறகு தகப்பன் வருகிறார், எழும்பமுன் போய்விடுகிறார். கார் நிற்கிறது, மனிசன் ஓடுகிறான்.

கார் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. விடிய நாலு மணிக்குத் தொழிற்சாலை வாசலில் நிற்க வேண்டியவனுக்கு வேறு வழி எது? ஸ்காபுரோவுக்கு இருந்த ஒரேயொரு இலகு ரயிலும் 2023 யூலையில் தடம்புரண்டபின் நிரந்தரமாக மூடப்பட்டது. எம்மவர் பலருக்குச் சோறு போடுவதும் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலைகள்தான். ஒஷாவாவில் பிக்கப் செய்கிற ஜெனரல் மோட்டோர்ஸ் மூன்றாவது ஷிப்டை நிறுத்தப் போவதாக 2025 மே மாதம் அறிவித்தபோது எத்தனை வீடுகளில் அடுப்பைப் பற்றிய கவலை வந்திருக்கும்!

ஊரை நினைத்துப் பார்ப்போம். 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரினும் மொரிஸ் மைனரும் சொட்டுப் பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெய்யில் ஓடின. கறுப்புப் புகை, காதைப் பிளக்கும் சத்தம். அந்தக் காரின் வடிவை யாரும் பார்க்கவில்லை. பிள்ளைப்பேறா, பாம்புக் கடியா, அயலில் நின்ற கார்தான் ஓடியது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் வெளிக்கிட்டபோது பாதி வீட்டையே சைக்கிள் சுமந்தது. லான்ட்மாஸ்ரர் பெட்டியில் மூன்று குடும்பம் இருந்தது. சுமக்கிற வண்டி என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஆகவே வாகனம் வாங்க வெளிக்கிடுமுன் வீட்டுக்காரரோடு இருந்து கதையுங்கள். இது எதைச் சுமக்கப் போகிறது, எங்களையா, எங்கள் பேரையா? மாதக் காசு எத்தனை மணித்தியால வேலை? அந்த மணித்தியாலம் யாருடையது? வாக்குக் கேட்டுக் கதவைத் தட்டுகிறவரிடம் இரவுப் பஸ்ஸைப் பற்றியும் கேளுங்கள். பஸ் ஒழுங்காக வந்தால் ஒரு வீட்டுக்கு இரண்டாவது கார் தேவைப்படாது. அந்தக் காசில் தகப்பன் ஒரு சனிக்கிழமையாவது வீட்டில் நிற்கலாம்.