மூக்கைத் தேய்த்தால் நாய் பழகாது

நாய்க்குட்டி வந்த வீட்டுக்கு முதல் வாரத்திலேயே ஒரு யோசனையும் வந்து சேர்ந்துவிடுகிறது. “வீட்டுக்குள்ள இருந்துச்சுன்னா கழுத்தைப் புடிச்சு மூக்கை அதுலயே வெச்சுத் தேய்ங்க. ரெண்டு போடு போடுங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் போகாது.” சொல்பவர் குட்டியை விற்றவராக இருக்கலாம், பல நாய்களை வளர்த்த பெரியவராக இருக்கலாம், மாடி வீட்டுக்காரராக இருக்கலாம். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அடியாத மாடு படியாது என்று கேட்டே வளர்ந்த ஊரில் இது அனுபவ அறிவாகக் கைமாறுகிறது. இரண்டு மாதக் குட்டிக்குச் செய்யும் கொடுமை என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், “கொஞ்சமாவது கண்டிப்பு வேண்டாமா?” என்று கேட்டு ஒதுக்கிவிடுவார்கள். அதனால் அவர்களுடைய கணக்கிலேயே பார்ப்போம். இந்த வழியில் நாய் பழகுமா? பழகாது. தானாகப் பழகவிருந்ததையும் இது கெடுத்துவிடும்.

பிறந்த குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கவே முடியாது. தாய் அடிவயிற்றை நக்கிவிட்டால்தான் போகும். போனதையும் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும், யாரும் சொல்லித்தராமல், குட்டி படுத்த இடத்தை விட்டு நகர்ந்துபோய்க் கழிக்கத் தொடங்குகிறது. எட்டு ஒன்பது வாரத்தில் குறிப்பிட்ட இடங்களையே தேடிப் போகிறது என்று, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்துக் கவனித்த ஸ்காட்டும் ஃபுல்லரும் தங்கள் ஆய்வில் பதிவு செய்தார்கள். படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யக்கூடாது என்ற உணர்வு நாய்க்குப் பிறவியிலேயே இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். அதற்குத் தெரியாதது ஒன்றுதான்: உங்கள் வீட்டின் கூடம், படுக்கையறை, பூஜையறை எல்லாமே படுக்கும் இடத்தோடு சேர்ந்தது என்பது. முந்நூறு சதுர அடி டைல்ஸ் தரையில் ஒரு மூலையில் தன் சாக்கு. மற்றதெல்லாம் அதன் கண்ணுக்கு வெளி. இந்த எல்லையை மெல்ல மெல்ல விரித்துக் காட்டுவதுதான் பழக்குவது என்பது. இன்னொன்றும் உண்டு. பிறந்ததிலிருந்து கூண்டுக்குள்ளேயே அடைபட்டு, அங்கேயே தின்று அங்கேயே கழித்து வளர்ந்த குட்டிகளிடம் இந்த உணர்வு மழுங்கிப்போயிருக்கும். அவை பழகக் கூடுதல் நாள் எடுக்கும். அது குட்டியின் பிடிவாதம் அல்ல, விற்றவர் வளர்த்த விதம்.

உடம்பின் கணக்கையும் பார்க்க வேண்டும். மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் குட்டி அடக்கிவைக்கக்கூடிய மணிநேரம் என்று நாய் பழக்குபவர்கள் தோராயமாகச் சொல்வார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதுவும் சும்மா படுத்திருந்தால்தான். விழித்து ஓடியாடும்போது அரை மணிக்கு ஒருமுறை போனாலும் ஆச்சரியமில்லை. தூங்கி எழுந்ததும் போகும். சாப்பிட்டவுடன் வயிறு நிறைய, குடல் அசைய, கால் மணி அரை மணிக்குள் மறுபடி போகும். ஆடிக் களைத்து நடுவில் சட்டென நின்று, மூக்கைத் தரையில் வைத்து வட்டமடிக்கும். அந்த வட்டம்தான் அது சொல்லும் சேதி. அதிலிருந்து தரை நனைவதற்குப் பத்து விநாடிகூட இராது. அதைப் பார்க்காமல் விட்டது நாம். அடி வாங்குவது அது.

சரி, அடிக்கும்போது குட்டி என்ன கற்றுக்கொள்கிறது? நான்கு மணிக்குக் கால்மிதியில் இருந்துவிட்டுத் தூங்கிப்போன குட்டி, ஆறு மணிக்கு வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டு வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறது. வந்தவர் கால்மிதியைப் பார்க்கிறார், பிடரியைப் பிடித்து இழுத்துப்போய் மூக்கை அழுத்துகிறார். செய்ததற்கும் கிடைத்ததற்கும் நடுவே இரண்டு மணி நேரம். நாய் தன் செயலையும் அதன் விளைவையும் முடிச்சுப் போடுவது ஓரிரு விநாடிக்குள்தான். ஆகவே அது போடும் முடிச்சு வேறு: கதவு திறந்தது, ஓடி வந்தேன், வலித்தது. கையும் களவுமாகப் பிடித்து அடித்தாலும் நிலைமை மாறாது. ‘இந்த இடத்தில் போகக்கூடாது’ என்று அது புரிந்துகொள்வதில்லை. ‘இந்த ஆள் பார்க்கும்போது போனால் ஆபத்து’ என்று புரிந்துகொள்கிறது. “வெளியில அரை மணி நேரம் சங்கிலியப் புடிச்சிக்கிட்டு நின்னேன், போகவே இல்ல. உள்ள வந்ததும் கட்டிலுக்கு அடியில போயிருக்கு, என்ன திமிர் பாருங்க” என்ற புலம்பல் பல வீடுகளில் கேட்கிறது. திமிர் ஒன்றும் இல்லை. சங்கிலியின் மறுமுனையில் நிற்பவர் முன்னால் போகக்கூடாது என்ற பாடத்தை அது அப்படியே நிறைவேற்றியிருக்கிறது. இப்படிப் பயந்த குட்டியை வெளியே பழக்குவது முதலில் இருந்ததைவிடக் கடினம். சில குட்டிகள் ஆள் அதட்டிக்கொண்டு அருகே வந்தாலே பயத்தில் ஒடுங்கி அங்கேயே சிறுநீர் சொட்டவிடும். அதற்கும் அடி விழுந்தால் சொட்டுவது கூடுமே தவிரக் குறையாது.

இங்கே உடனே ஒரு மறுப்பு வரும்: “அதுக்குத் தப்புன்னு தெரியும்ங்க. நாம வந்ததும் காதை மடக்கிக்கிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கிட்டு, மூலையில போய் உட்காருதே!” இதைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, அந்த முகத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அந்த முகத்தின் காரணத்தைத்தான் 2009இல் நியூயார்க்கின் ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் சோதித்தார். பதினான்கு நாய்கள். வளர்ப்பவர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி ‘தொடாதே’ என்று சொல்லிவிட்டு அறையை விட்டுப் போவார். அவர் இல்லாதபோது சில முறை நாய் தின்றது. சில முறை அதற்குத் தராமலே எடுத்துவிட்டார்கள். திரும்பி வருபவரிடம் சில முறை உண்மையையும் சில முறை நேர்மாறாகவும் சொன்னார்கள். நாய் அந்தக் ‘குற்ற முகத்தை’க் காட்டியது தின்றதை வைத்து அல்ல, திட்டு விழுந்ததை வைத்து. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. நாம் குற்ற உணர்வு என்று படிப்பது கோபத்தைத் தணிக்க நாய் காட்டும் பணிவு. மூலையில் ஒடுங்கும் குட்டி கால்மிதியை நினைக்கவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அடியின் விளைவை அளந்தவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் 2004இல் 364 நாய் வளர்ப்பவர்களிடம் நடந்த ஆய்வில், பாராட்டும் பரிசும் கொடுத்தே பழக்கியவர்களின் நாய்கள் கூடுதலாகச் சொல்பேச்சுக் கேட்டன. தண்டித்தவர்களின் வீட்டில் நடத்தைச் சிக்கல்கள் அதிகம். நாய் முரண்டு பிடித்ததால் அடித்தார்களா, அடித்ததால் முரண்டு பிடித்ததா என்று இந்த ஆய்வை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து 2020இல் வெளியான ஆய்வு, பயிற்சி நடக்கும்போதே பார்த்தது. அதட்டலும் சங்கிலியை வெட்டி இழுப்பதும் மிகுந்த பயிற்சிப் பள்ளிகளின் நாய்கள் பயிற்சியின்போது உதட்டை நக்கின, கொட்டாவி விட்டன, ஒடுங்கின. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் ஏறியிருந்தது. பயந்த உடம்புக்குப் பாடம் ஏறாது என்பதைப் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

“எங்க வீட்டு நாயை அடிச்சுத்தான் பழக்கினோம், நல்லாத்தானே இருக்கு?” இந்த மறுப்பில்தான் நம்பிக்கை உயிர் வாழ்கிறது. ஐந்து ஆறு மாதத்தில் குட்டியின் சிறுநீர்ப்பை பெரிதாகிறது, அடக்கும் தசை வலுக்கிறது, வீட்டின் நேரங்கள் அதற்குப் பிடிபட்டுவிடுகின்றன. அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அது நடக்கிறது. அந்த மாதங்களில் நாம் செய்துகொண்டிருந்தது அடிப்பது என்பதால் பெருமை அடிக்குப் போய்விடுகிறது. அதே முறையில் பழகாமல் போன நாய்களைப் பற்றி யாரும் எடுத்துக்காட்டுச் சொல்வதில்லை. அவை வாசல் கேட்டில் நாள் முழுக்கக் கட்டப்பட்டிருக்கும், இல்லை வேறு தெருவில் விடப்பட்டிருக்கும்.

“இதெல்லாம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆகுமா?” என்ற கேள்விக்கு நியாயம் உண்டு. முதல் சில வாரம் நேரம் தேவைதான். எழுந்ததும், சாப்பிட்டதும், ஆடி முடித்ததும், படுக்கும் முன்னும் ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். போய் முடித்த அந்த விநாடியே, வீட்டுக்குள் வந்தபின் அல்ல, ஒரு துண்டு அவித்த கோழியோ நல்ல வார்த்தையோ கொடுக்க வேண்டும். சோறு ஒரே நேரத்தில் வைத்தால் கழிவும் ஒரே நேரத்துக்கு வரும். கண்காணிக்க முடியாத நேரத்தில் சிறிய தடுப்புக்குள் விட வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள், தடுப்பூசி முடியும்வரை தெருவில் இறக்கப் பயந்தால், பால்கனியில் மண் தட்டோ புல் தட்டோ வைக்கலாம். நாள் முழுக்க யாரும் இல்லாத வீடென்றால் நடுவில் வந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். அதுவும் முடியாதென்றால் இரண்டு மாதக் குட்டியை இப்போது வாங்கக்கூடாது. நேரமில்லை என்பது வாங்காமல் இருப்பதற்கான காரணம், அடிப்பதற்கான காரணம் அல்ல. பினாயில் ஊற்றிக் கழுவுவதையும் நம்ப வேண்டாம். அது நம் மூக்குக்கு வாடையை மறைக்கிறது. குட்டியின் மூக்குக்கு அதே இடம் இன்னும் கழிப்பிடமாகவே மணக்கும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கலந்த திரவம் அந்த வாடையையே சிதைக்கும். பழகிய நாய் திடீரென்று உள்ளே போனாலோ, அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனாலோ, சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் அது.

இன்று இரவு குட்டி கால்மிதியில் இருந்துவிட்டால் ஒரு துணியை எடுத்துப் பேசாமல் துடைத்துவிடுங்கள். பிறகு, கடைசியாக அதை எத்தனை மணிக்கு வெளியே கொண்டுபோனீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாளைக்கு, கால்மிதி நனைந்த நேரத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகவே தூக்கிக்கொண்டு போங்கள்.