காரின் பின்பெட்டிக்கு ஒரு விரிப்பு

சந்தையில் வாங்கிய மீனும் தேங்காயெண்ணெய்ப் போத்தலும் வீடு வந்து சேர்வது குடும்பக் காரின் பின்பெட்டியிலேயாம். ஆங்கே சிந்தும் மீன்நீர் நாற்றத்தோடு நில்லாது. அதன் உப்பும் ஈரமும் கம்பளத்தினூடே இறங்கி, மாற்றுச் சில்லு வைக்கும் குழியிலே தேங்கி, இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும்.

ஆதலின், விரிப்பு வாங்குவோர் அதன் அழகை நோக்குமுன் விளிம்பை நோக்குதல் வேண்டும். தட்டையான விரிப்பு நீரைப் பக்கங்களில் வழியவிடும். விளிம்பு உயர்ந்ததோ தாம்பாளம்போல் ஏந்தி நிற்கும். 100 சென்ரிமீற்றர் நீளமும் 80 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள விரிப்புக்கு 3 சென்ரிமீற்றர் விளிம்பு இருப்பின், சமநிலத்தில் அது 24 லீற்றர் நீரைக் கொள்ளும்.

இனி, எப்பொருளாலானதை வாங்குவது? இயற்கை இறப்பர் எளிதில் வழுக்காது. ஆயினும் எண்ணெயும் பெற்றோலும் பட்டால் ஊதிக் கெடும். வழவழப்பான பிளாஸ்டிக்கைக் கழுவுதல் எளிது. ஆனால், பிரேக் பிடித்தவுடன் பொருள்கள் அதன்மேற் சறுக்கியோடும். மேற்பரப்பில் வரிகள் எழும்பிய பிளாஸ்டிக் விரிப்பே குடும்பத்துக்கு உகந்தது.

எவ்விரிப்பாயினும் கிழமைக்கொருமுறை தூக்கி, அடியைத் துடைத்து உலர்த்துக. அங்கே ஈரம் தங்குமாயின், காக்க வந்த விரிப்பே துருவை மறைக்கும் திரையாகிவிடும்.